கொலைகாரன் யாருன்னு தெரிஞ்ச பிறகும் எதைத் திரும்பப் பார்ப்பீங்க? (ரீமேக் பஞ்சாயத்தும் இங்கேயே)

#1 மழைக்கோட்டு

கணுக்கால்ல விரிசல், மாவுக்கட்டு, மூணு வாரம் வீட்டுல. முதல் வாரம் புதுசா வந்த க்ரைம் சீரிஸ் நாலு பார்த்தேன். இப்போ யோசிச்சா நாலும் கலந்து ஒரே குழம்பா இருக்கு. எல்லாத்துலயும் நீல வெளிச்சம், எல்லாத்துலயும் தூக்கம் வராத போலீஸ்காரர், எல்லாத்துலயும் காட்டுக்குள்ள ஒரு பொண்ணோட பிணம். வெறுத்துப்போய் ரெண்டாவது வாரம் கொலம்போ பக்கம் ஒதுங்கினேன்.

பார்க்காதவங்களுக்கு: பீட்டர் ஃபாக் நடிச்ச அமெரிக்கத் தொடர். 1968-ல் ஒரு டிவி படமா வந்து, 1971-லிருந்து 78 வரைக்கும் ஓடி, பத்து வருஷம் கழிச்சு 1989-ல் திரும்ப ஆரம்பிச்சு 2003 வரைக்கும் இழுத்தாங்க. மொத்தம் 69. அநேகமா எல்லாத்துலயும் கொலை முதல்லயே நம்ம கண்ணு முன்னாடி நடந்துடும். யாரு, ஏன், எப்படி, எல்லாம் தெரியும். அதுக்கப்புறம்தான் கசங்கின மழைக்கோட்டோட, ஓட்டை பெஜோ காரை ஓட்டிக்கிட்டு போலீஸ் லெஃப்டினன்ட் கொலம்போ வருவார். ஆக, ஸ்பாய்லர்ங்கிற பிரச்சினையே கிடையாது. நூறு தடவை பார்க்கலாம்.

நேத்து பார்த்தது 1973-ல் வந்த ஒயின் எபிசோடு. டொனால்ட் ப்ளெசன்ஸ்தான் கொலைகாரன். ஒயின் மேல பைத்தியம். சொத்தை விக்கப்போறேன்னு சொன்ன தம்பியை அடிச்சு மயக்கமாக்கி, ஒயின் வைக்கிற நிலவறையில கட்டிப்போட்டு, ஏசியை நிறுத்திட்டு நியூயார்க் கிளம்பிடுறார். தம்பி மூச்சு முட்டிச் சாகறான். ஆனா அந்த வாரம் ஊர்ல சரியான வெயில். கொலம்போ என்ன பண்றார்? அந்த நிலவறையிலிருந்தே ஒரு பாட்டிலைக் கமுக்கமா எடுத்து வந்து, கொலைகாரனை ஹோட்டலுக்கு விருந்துக்குக் கூப்பிட்டு, அதையே ஊத்தச் சொல்றார். ப்ளெசன்ஸ் ஒரு வாய் வைக்கிறார். முகம் போற போக்கைப் பார்க்கணும். "இது சூடுபட்டுக் கெட்டுப்போன ஒயின்"னு ஹோட்டலையே ரெண்டாக்கறார். அந்த நாக்குதான் சாட்சி. வேற யாருக்கும் அந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்காது.

கடைசியில கைது பண்ணிக் கார்ல உட்கார வெச்சுட்டு, கொலம்போ ஒரு பாட்டில் எடுத்து ரெண்டு பேருக்கும் ஊத்துவார். என்ன ஒயின் எடுத்திருக்கார்னு பார்த்துட்டு அந்த ஆள், நல்லாவே கத்துக்கிட்டீங்கன்னு பாராட்டறார். கொலைகாரனும் போலீஸும் இவ்வளவு மரியாதையாப் பிரியறதை நான் வேற எங்கயும் பார்க்கலை.

கேள்வி ரெண்டு. ஒண்ணு, இந்த மாதிரி திரும்பப் பார்க்கத் தாங்குற பழைய தொடர் எது? ரெண்டாவது, இதையெல்லாம் ரீமேக் பண்றாங்களே, அதுல ஏதாவது உருப்பட்டிருக்கா?

#2 தூர்தர்ஷன் தாத்தா

தம்பி, முதலில் காலைக் கீழே தொங்கப் போடாதீர்கள், தலையணை மேல் தூக்கி வையுங்கள்.

எங்கள் காலத்துக்கு இரண்டு பேர்தான். ஒருவர் 1985-ல் வந்த கரம்சந்த், இன்னொருவர் 1993-ல் வந்த பியோம்கேஷ் பக்ஷி. எனக்கு அப்போதும் இந்தி தெரியாது, இப்போதும் தெரியாது. பக்கத்து வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்தவர் அரை குறையாக மொழிபெயர்ப்பார். அவர் வராத நாளில் நாங்களே ஒரு கதை வைத்துக்கொள்வோம். சில நாள் எங்கள் கதை தேவலையாகக்கூட இருந்தது.

கரம்சந்தில் பங்கஜ் கபூர் கேரட்டைக் கடித்துக்கொண்டே துப்பறிவார், நடுநடுவே உதவிக்கு இருக்கும் கிட்டியை வாயை மூடச் சொல்வார். 2007-ல் அதையே தனியார் சேனலில் திரும்ப எடுத்தார்கள். அதே பங்கஜ் கபூர். கிட்டி மட்டும் வேறு பெண். ஆசையாகப் போட்டுப் பார்த்தேன், பத்து நிமிஷம் தாங்கவில்லை. 85-ல் அந்த வேகம், அந்த கேமரா சாய்ப்பு எல்லாம் புதுசு. மற்ற நிகழ்ச்சிகளெல்லாம் ஆள் நின்று பேசும், கேமரா நின்று பார்க்கும். 2007-ல் விளம்பரமே அதைவிட வேகமாக ஓடியது. கேரட் அதே கேரட்தான்.

பியோம்கேஷ் அப்படி இல்லை. 2020 ஊரடங்கில் ராமாயணத்தோடு சேர்த்து இதையும் மறுபடி போட்டார்களே, அப்போது பேரனோடு உட்கார்ந்து பார்த்தேன். பாசு சட்டர்ஜி இயக்கம். ரஜித் கபூர் சத்தம் போட மாட்டார், ஓட மாட்டார், வேட்டியைச் சரி செய்துகொண்டு கேள்வி கேட்பார். செட்டெல்லாம் இப்போது பார்த்தால் நாடக மேடை மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் பேரன் போனைக் கீழே வைத்தான். அதற்கு மேல் எனக்குச் சான்றிதழ் வேண்டாம்.

#3 சப்டைட்டில் சரசு

தாத்தா சொன்ன "அதே நடிகர்" வியாதிக்கு இன்னொரு கேஸ் என்னிடம் இருக்கிறது. பிராட்சர்ச். 2013, பிரிட்டன், எட்டு எபிசோடு. கடலோரச் சின்ன ஊர், செங்குத்தான மஞ்சள் பாறை, கீழே மணலில் ஒரு பையனின் உடல். டேவிட் டெனன்ட்டும் ஒலிவியா கோல்மனும். அடுத்த வருஷமே அமெரிக்காவில் கிரேஸ்பாயின்ட் என்று எடுத்தார்கள். அதிலும் துப்பறிகிறவர் டேவிட் டெனன்ட்! பேச்சு மட்டும் அமெரிக்க உச்சரிப்பு.

நான் பிழைப்புக்கு சப்டைட்டில் போடுகிறவள். ஒரு சனிக்கிழமை ரெண்டு லேப்டாப்பில் ரெண்டு முதல் எபிசோடையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். பல இடங்களில் ஷாட்டுக்கு ஷாட் ஒன்றுதான். அம்மா கடற்கரையில் ஓடி வருகிறாள், மகனுடைய ஷூவைப் பார்க்கிறாள். பிரிட்டிஷ் அம்மா ஓடும்போது எனக்கு வயிறு கலங்கியது. அடுத்த ஸ்கிரீனில் அதே ஓட்டம், எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஏன் என்று மூன்று தடவை ரீவைண்ட் பண்ணினேன். நடிப்பில் குறை சொல்ல முடியாது. முதலாவதில் ஊர் இருக்கிறது. தெருவில் போகிற அப்பா நாலு பேருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே போகிறார், பேப்பர் கடைக்காரர், பாதிரியார், பிளம்பர் எல்லோரும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரிந்தவர்கள். ரெண்டாவதில் அந்த ஊரைக் கழற்றி எடுத்துவிட்டு ஷாட்டை மட்டும் வைத்திருக்கிறார்கள். மாவு அதேதான், புளிக்கவே இல்லை. பத்து எபிசோடோடு மூட்டை கட்டிவிட்டார்கள்.

என் கட்சி: ரீமேக்கே வேண்டாம். சப்டைட்டில் எதற்கு இருக்கிறது? (சொந்தப் பிழைப்புக்குப் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

#4 ஸ்பாய்லர் எதிரி

பிராட்சர்ச் கொலைகாரன் பேரை யாராவது இங்க எழுதினீங்க, நான் வீடு தேடி வருவேன். ஏழாவது எபிசோடுல இருக்கேன்.

#5 வாய்தா

சரசு மேடம் கட்சிக்கு எதிர்க்கட்சி வக்கீலா ஆஜராகிறேன். ஒரே கதை, மூணு நாடு: கிரிமினல் ஜஸ்டிஸ்.

முதல்ல 2008-ல பிபிசி. அஞ்சு எபிசோடு, அஞ்சு ராத்திரி தொடர்ச்சியா போட்டாங்க. பீட்டர் மொஃபாட் எழுதினது, அவரே பாரிஸ்டரா இருந்தவர். பென் விஷா ஹீரோ. அப்பா டாக்ஸியைச் சொல்லாம எடுத்துட்டுப் போற பையன், அதுல ஏர்ற பொண்ணு, ஒரு ராத்திரி, காலைல அவ பிணம், இவன் கையில ரத்தம். அப்புறம் 2016-ல எச்பிஓ, "தி நைட் ஆஃப்"ங்கிற பேர்ல, ரிஸ் அகமது, எட்டு எபிசோடு. அப்புறம் 2019-ல நம்ம ஊர் ஹாட்ஸ்டார், விக்ராந்த் மாஸ்ஸி, வக்கீலா பங்கஜ் திரிபாதி.

மூணையும் பார்த்தேன், தொழில் புத்தியோட. மேலோட்டமா மூணும் ஒண்ணு. ஆனா கோர்ட்டுக்குள்ள வந்ததும் கதை வேற வேற திசையில போகுது, ஏன்னா சட்டம் வேற. லண்டன்லயும் நியூயார்க்லயும் பன்னிரண்டு ஜூரி. வக்கீல் பேசறது அந்தப் பன்னிரண்டு முகத்தைப் பார்த்து. குறுக்கு விசாரணையில ஒரு கேள்வி விழுந்தா கேமரா உடனே ஜூரி பக்கம் திரும்பும், யாரு நெளியறாங்கன்னு பார்க்க. நம்ம ஊர்ல ஜூரி எங்க இருக்கு? 1959 நானாவதி கேஸ்ல (கடற்படை அதிகாரி மேல கொலைக் குற்றச்சாட்டு) பம்பாய் ஜூரி எட்டுக்கு ஒண்ணு குற்றவாளி இல்லைன்னு சொல்ல, செஷன்ஸ் ஜட்ஜ் ஏத்துக்காம ஹைகோர்ட்டுக்கு அனுப்ப, அங்க தண்டனை ஆச்சு. ஏற்கெனவே தேய்ஞ்சுக்கிட்டிருந்த ஜூரி முறை, 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட முழுசாப் போயிடுச்சு. அதனால இந்திய ரீமேக்ல எல்லா நடிப்பும் ஒரே ஒரு நீதிபதிக்கு. நியூயார்க்ல பன்னிரண்டு பேர்ல ஒருத்தர் மனசைக் கரைச்சாக்கூட கேஸ் தொங்கும், லண்டன்ல மூணு பேர் வேணும். இங்க அந்த ஒரே நாற்காலி கரையணும். டிராமாவோட எடையே மாறிடுது.

அடுத்தது ஜெயில். மத்த ரெண்டுலயும் விசாரணைக்கு முன்னாடி உள்ள இருக்கிறது கதைக்குள்ள ஒரு அதிர்ச்சி. நம்ம நாட்டு ஜெயில்ல இருக்கறவங்கள்ல சுமார் நாலுல மூணு பங்கு விசாரணைக் கைதிங்கதான். இங்க அது அதிர்ச்சி இல்ல, அன்றாடம். நான் ஒவ்வொரு திங்கக்கிழமையும் பார்க்கறேன். வேன்லேர்ந்து இறங்கறவன் முதல் வாய்தாவுல நம்மளைத் தேடுவான். நாலாவது வாய்தாவுல வேன்ல ஜன்னலோர சீட்டு கிடைச்சுதா இல்லையாங்கிறதுதான் அவன் கவலை. அந்த மாற்றத்தை மாஸ்ஸி கண்ணுலயே காட்டியிருக்கார். பழைய கதையை எடுத்து நம்ம மண்ணுல வெச்சா நம்ம மண்ணைப் பத்தி ஏதாவது சொல்லணும். இது சொல்லுது. அதனால மனு அனுமதிக்கப்பட வேண்டும்.

#6 ஸ்கார்பரோக் குளிர்

வாய்தா அண்ணை, வழக்கு நல்லாத்தான் பேசுறீங்கள். ஆனா மூண்டுக்குள்ள நியூயோர்க்குக்குத்தான் என்ர வாக்கு.

என்ர அப்பா ரொறன்ரோவில பதினேழு வருசம் ரக்ஸி ஓடினவர். "தி நைட் ஆஃப்"இல அந்தப் பெடியன்ர தகப்பன் வேற ரெண்டு பேரோட பங்குக்குத்தான் அந்தக் காரை வச்சிருக்கிறார். மகன் கொலை வழக்கில பிடிபட்ட உடன பொலிஸ் காரைத் தடயம் எண்டு கொண்டுபோயிடும். அடுத்த நாள் பங்காளிகள் வந்து நிக்கினம். அவையைக் கெட்ட ஆக்கள் எண்டு சொல்லேலாது, அவைக்கும் பிள்ளைகுட்டி இருக்கு, வண்டி ஓடினாத்தான் வீட்டில அடுப்பெரியும். மகன் மறியலில (ஜெயிலில), இஞ்ச சோத்துக்கு வழியில்லை. இதைப் பாத்துக்கொண்டிருக்கேக்க நான் நிப்பாட்டிப்போட்டு அப்பாவுக்குப் போன் எடுத்தனான். சும்மாதான் எடுத்தனான் எண்டு சொன்னன்.

கொலையைவிட அந்தக் குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாக் கரையிறதுதான் எனக்கு நினைவில நிக்குது. குவீன்ஸில இருக்கிற பாகிஸ்தான் குடும்பம், இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகான நியூயோர்க். லண்டன் கதையில இல்லாத பாரம் இது. ரீமேக் எண்டா இப்பிடி ஏதாவது ஏத்திக்கொண்டு வரவேணும்.

மற்றது, அந்த வக்கீலின்ர கால் எக்ஸிமா! ஜோன் டர்டூரோ செருப்போட கோர்ட்டுக்குப் போறதும், சொறியிறதும், ஒவ்வொரு வைத்தியமாச் செய்து பாக்கிறதும். கேஸில தோத்தாலும் பரவாயில்லை, இந்தாளுக்குக் கால் சுகமானாப் போதும் எண்டு நினைச்சிட்டன்.

#7 வாய்தா

தம்பி, எக்ஸிமா லண்டன் வக்கீலுக்கே இருந்தது. அங்கேர்ந்துதான் நியூயார்க் போச்சு. அந்த வேஷத்துக்கு முதல்ல ஜேம்ஸ் காண்டால்ஃபினி. அவர் 2013-ல இறந்துட்டார். அப்புறம் டி நீரோ, கடைசியா டர்டூரோ.

டாக்ஸி பங்காளி விஷயத்துல நான் ஒண்ணும் எதிர்க்கலை. அது லண்டன்லயும் இல்ல, பம்பாய்லயும் இல்ல.

#8 துவாஸ் சாலை

சிங்கப்பூரிலிருந்து. இழையை முழுக்கப் படித்தேன், ஒருவரும் "தி பிரிட்ஜ்" பற்றிப் பேசவில்லையே!

2011-ல் டென்மார்க்கும் சுவீடனும் சேர்ந்து எடுத்தது. இரண்டு நாட்டையும் இணைக்கும் ஊரெசுண்ட் பாலத்தில் சில நிமிடம் விளக்கு அணைகிறது. திரும்ப எரியும்போது சரியாக எல்லைக்கோட்டின் மேல் ஒரு பெண்ணின் உடல். பாதி அந்த நாட்டில், பாதி இந்த நாட்டில். இரண்டு ஊர்ப் போலீஸும் வருகிறது. தூக்கும்போதுதான் தெரிகிறது, இடுப்புக்கு மேலே ஒருத்தி, கீழே வேறொருத்தி.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்கு அடுத்து வரும் காட்சியை. இதய நோயாளியை ஏற்றிய ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. தடயம் கெடும், விடமாட்டேன் என்கிறாள் சுவீடன் அதிகாரி சாகா. டென்மார்க்காரர் மார்ட்டின் தன் பொறுப்பில் போகச் சொல்கிறார். சாகா கத்தவில்லை, முகம்கூட மாறவில்லை. உங்கள் மேல் புகார் எழுதுவேன் என்கிறாள், எழுதவும் செய்கிறாள். இரண்டு நிமிடத்தில் இரண்டு பேரையும் வாழ்நாளுக்கும் புரிந்துகொண்டுவிடுகிறோம்.

இந்தக் கதைக்கு எல்லை இருந்தால் போதும், எந்த ஊருக்கும் போகும். பிரான்சும் பிரிட்டனும் கடலடிச் சுரங்கத்தில் வைத்தார்கள். அமெரிக்கா 2013-ல் எல் பாசோ – ஹுவாரெஸ் பாலத்துக்குக் கொண்டுபோனது. ஹுவாரெஸில் வருடக்கணக்காகப் பெண்கள் கொலையாகி, கேட்க நாதியில்லாமல் இருந்ததை அதற்குள் கொண்டுவந்தார்கள். அதே கதைக்கு அங்கே வேறு கோபம் வந்துவிட்டது. 2018-ல் எங்கள் பக்கம். சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் இரண்டாம் இணைப்புப் பாலம். ரெபெக்கா லிம் இந்தப் பக்கம், பிரான்ட் பலாரே அந்தப் பக்கம்.

உண்மையைச் சொன்னால் நாடகமாக டேனிஷ்–சுவீடன்தான் உயர்வு. ஆனால் நான் மாதம் இரண்டு முறை அந்தப் பாலத்தில் ஜொகூர் போய் வருகிறவன். பெட்ரோல் மீட்டர் முள்ளையும் கடவுச்சீட்டையும் பார்த்துக்கொண்டு கடந்த இடம் அது. இப்போது நடுப்பாலம் வந்தால் கண் தானாகத் தரையைப் பார்க்கிறது. மனைவி திட்டுகிறார்.

#9 சப்டைட்டில் சரசு

சரி, பாலத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன். அது கதை என்பதைவிட ஒரு அச்சு. அதில் எந்த ஊர் மாவையும் ஊற்றலாம். பிராட்சர்ச் அப்படி இல்லை. டாக்ஸிக்கும் பாதி விட்டுக்கொடுக்கிறேன். மீதிப் பாதியைத் தரமாட்டேன்.

தமிழில் யாரும் வாயே திறக்கவில்லையே? நாகா இயக்கிய மர்மதேசம் வரிசையில் "விடாது கருப்பு" இன்றைக்கும் பார்க்கலாம். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டாலே எங்கள் வீட்டில் கொல்லைக் கதவைச் சாத்துவார்கள். சுத்தமான க்ரைம் இல்லைதான், ஆனாலும் கேள்வி என்னவோ "யார் செய்தது?"தான். அதை ரீமேக் பண்ணுகிறேன் என்று எவராவது கிளம்பினால் முதல் கண்டனம் என்னுடையது.

#10 தூர்தர்ஷன் தாத்தா

அம்மா சரசு, அதைப் பார்க்கும்போது என் மாமியார் ஸ்வாமி விளக்கைக் கொண்டு வந்து டிவி மேல் வைத்துவிடுவார்.

ஒரு சந்தேகம். பியோம்கேஷ் பேரில் 2015-ல் இந்தியில் ஒரு படம் வந்தது. ஆங்கிலேயர்கள் ஹோம்ஸையும் பாய்ரோவையும் வருஷத்துக்கு ஒரு தரம் எடுக்கிறார்கள். இதெல்லாம் ரீமேக்கில் சேருமா?

#11 மழைக்கோட்டு

என் கணக்குல சேராது தாத்தா. புத்தகத்துலேர்ந்து எடுக்கறவங்க எத்தனை பேர் எடுத்தாலும் எல்லாரும் மூலத்துக்குத்தான் போறாங்க. டேவிட் சூஷே 1989-லேர்ந்து 2013 வரைக்கும் 70 எபிசோடு பாய்ரோவா நின்னார். அதுக்காக அடுத்தவர் மீசை வைக்கக் கூடாதுன்னு சொல்ல முடியாது. கொலம்போவுக்குப் புத்தகம் கிடையாது. அவர் கோட்டு ஃபாக்கோட சொந்தக் கோட்டு. ஒரு கண்ணு நிஜமாவே கண்ணாடிக் கண்ணு, மூணு வயசுல போனது. அந்தச் சாய்ஞ்ச பார்வையை வேற யாருக்கு ரீமேக் பண்ணுவீங்க?

முயற்சி பண்ணிப் பார்த்தாங்க. அநேகமா எல்லா எபிசோடுலயும் "என் வீட்டம்மா சொல்லுவா"ன்னு ஆரம்பிப்பாரே தவிர, அந்த அம்மாவைக் காட்டவே மாட்டாங்க. 1979-ல ஒரு புத்திசாலி, அந்த அம்மாவையே ஹீரோயினாக்கி "மிஸஸ் கொலம்போ"ன்னு தனித் தொடர் எடுத்தார். பதிமூணு எபிசோடுல சமாதி. நடுவுல தொடர் பேரை மாத்தி, கொலம்போவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே இல்லைங்கிற அளவுக்குப் போனாங்க. பூஜை அறைத் திரையை விலக்கி உள்ள யாருமில்லைன்னு காட்டின மாதிரி.

ஆனா ரியன் ஜான்சன் 2023-ல "போக்கர் ஃபேஸ்"னு எடுத்தாரே, அது வேற. கதை வேற, ஆள் வேற, பொண்ணு, போலீஸே இல்ல. முதல்ல கொலையைக் காட்டு, அப்புறம் ஆளை உள்ள விடுங்கிற அந்த இலக்கணத்தை மட்டும் எடுத்துக்கிட்டார். டைட்டில் எழுத்தோட மஞ்சள் நிறம்கூட அதேதான். பேருக்கு ரீமேக் இல்ல. எனக்கென்னவோ இதான் நல்ல ரீமேக்.

#12 ஸ்பாய்லர் எதிரி

பிராட்சர்ச் முடிச்சுட்டேன். பேச முடியலை.

சரி, வேற பேசறேன். ரீமேக்னு சொல்லிட்டு "தி கில்லிங்"கை விட்டுட்டீங்க. டேனிஷ் மூலம் 2007, இருபது எபிசோடு, கடைசில யாருன்னு சொல்லிட்டான். அமெரிக்காக்காரன் 2011-ல பதிமூணு எபிசோடு சியாட்டில் மழையில நம்மளை நனைய வெச்சு, சீசன் கடைசில யாருன்னு சொல்லாமலே முடிச்சான். சனங்க வரிஞ்சு கட்டிட்டு வந்தாங்க. எனக்கு ஸ்பாய்லர் பிடிக்காதுதான், அதுக்காக இப்படியா?

#13 ஸ்கார்பரோக் குளிர்

ஹஹா. ஆனா அமெரிக்க கில்லிங்கில பொலிஸா வாற மிரெய் ஈனோஸும் ஜோயல் கின்னமனும் காருக்குள்ள இருந்து கதைக்கிற இடங்களுக்காக நான் அதைத் திரும்பப் பாத்தனான். கொலைகாரன் ஆரெண்டு மறந்தே போச்சு.

#14 வாய்தா

மழைக்கோட்டு, ஒரு சட்டச் சந்தேகம். அந்த ஒயின் கேஸ் கோர்ட்ல நிக்குமா? போலீஸ்காரர் வாரண்ட் இல்லாம பாட்டிலைத் தூக்கிட்டு வந்திருக்கார். சாட்சி, குற்றவாளியோட நாக்கு. நான் எதிர்த்தரப்புல இருந்தா அரை மணி நேரத்துல ஜாமீன்.

#15 மழைக்கோட்டு

நிக்காது சார். ஆனா அவர் ஜாமீன் கேட்க மாட்டார். அவரோட செக்ரட்டரி அம்மா உண்மையைக் கண்டுபிடிச்சு, என்னைக் கல்யாணம் பண்ணிக்கோன்னு நெருக்கிட்டிருக்காங்க. அதுக்கு ஜெயிலே விடுதலைங்கிற மாதிரி பேசிட்டுத்தான் போறார்.

நேத்து ராத்திரி அம்மாவும் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. இங்கிலீஷ் தெரியாது, நான் தாத்தாவோட ரயில்வே நண்பர் மாதிரி நடுநடுவுல சொல்லிட்டே இருந்தேன். ஸ்பீல்பெர்க் இருபத்து நாலு வயசுல எடுத்த 1971 எபிசோடு. கொலைகாரன் பொய் சொல்ற இடத்துல எல்லாம் அம்மா "இவன் புளுகறான்"னு எனக்கு முன்னாடியே சொல்றாங்க. காபி ஆறிப்போனதுகூடத் தெரியலை.

முடிஞ்சதும் கேட்டாங்க: "அந்த ஆளு பொண்டாட்டி, பொண்டாட்டின்னு சொல்லிட்டே இருக்கானே, அவ எப்பதான் வருவா?"

இன்னும் நிறைய எபிசோடு இருக்கும்மான்னு சொல்லி வெச்சிருக்கேன்.